பாதியில் அணைத்த டிவி

அக்கா மகளுக்குப் பத்து வயது. போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஆசை ஆசையாக அவளுக்கு ஒரு எபிசோட் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஒருத்தரும் சரியாகத் தூங்கவில்லை. நான் எங்கே தப்புப் பண்ணினேன், எது கைகொடுத்தது என்று எழுதி வைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து டிவி பார்க்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். எபிசோடைப் பற்றியும் நிறையப் பேசுவேன், எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். கதை முழுக்க வந்துவிடும், அதனால் இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

'டாக்டர் ஹூ' பிபிசியில் 1963-இல் தொடங்கிய தொடர், டாக்டர் என்ற காலப் பயணியின் கதை. நடுவில் பல வருடம் நின்று, 2005-இல் மறுபடி வந்தது. நான் சொல்கிற எபிசோட் 'பிளிங்க்', 2007 ஜூன் 9 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஸ்டீவன் மோஃபட், இயக்கியவர் ஹெட்டி மெக்டொனால்ட். அந்தச் சமயத்தில் இன்னொரு எபிசோடும் படமாகிக்கொண்டிருந்ததால் அப்போது டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட் இதில் கொஞ்ச நேரம்தான் வருவார். கதையைத் தூக்கிச் சுமப்பது சாலி ஸ்பாரோ என்ற பெண், அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத கேரி மல்லிகன். காப்பாற்ற வேண்டிய ஆள் பக்கத்தில் இல்லை என்பதே பாதிப் பயத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

சாலி போட்டோ எடுப்பதற்காக ராத்திரி நேரத்தில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் கேட் ஏறிக் குதித்துப் போகிறாள். சுவரில் ஒட்டிய காகிதம் ஒரு மூலையில் உரிந்து தொங்குகிறது. அதைப் பிடித்து இழுத்தால் அடியில் எழுத்து. அழும் தேவதையிடம் ஜாக்கிரதை என்று இருக்கிறது. இன்னும் உரிக்கிறாள், அவள் பெயரையே எழுதி, இப்போதே குனி என்று இருக்கிறது. குனிகிறாள். ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் அவள் தலைக்கு மேலே பறக்கிறது. மிச்சக் காகிதத்தையும் கிழித்தால் டாக்டர் என்ற கையெழுத்தும் 1969 என்ற வருடமும். வெளியே தோட்டத்தில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு தேவதைச் சிலை நிற்கிறது, அவ்வளவுதான். ஆரம்பமே இப்படி.

அந்தச் சிலைகள் நாம் பார்க்கிற வரைக்கும் கல். கண் சிமிட்டினால், தலையைத் திருப்பினால், அந்த இடைவெளியில் வந்துவிடும். தொட்டால் ஆளைப் பழைய காலத்துக்குத் தூக்கி எறிந்துவிடும். அங்கே அவர்கள் வாழ்ந்து, கிழவராகி, செத்தும் போவார்கள். இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய நாட்களை அந்தச் சிலை தின்னும். முகத்தை அது பொத்திக்கொள்வதுகூட அழுவதற்காக இல்லை, ஒன்றை ஒன்று பார்த்துவிட்டால் இரண்டும் அப்படியே உறைந்துவிடும், அதற்காகத்தான்.

இதில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள், நான் மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன். எபிசோட் முழுக்க ஒரு சிலைகூடத் திரையில் நகராது. கதையில் வருகிறவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில்கூட நகராது, ஏனென்றால் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு ஷாட்டில் கை முகத்தில் இருக்கும். நடுவில் வேறு ஏதோ காட்டிவிட்டு அடுத்த ஷாட்டில் கை இறங்கியிருக்கும். அதற்கடுத்ததில் வாய் பிளந்து பல் தெரியும். நகர்ந்ததை நம் மனசுதான் போட்டுக்கொள்கிறது. மனிதர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 15, 20 தடவை கண் சிமிட்டுகிறோம், ஒவ்வொன்றும் அரை நொடிகூட இல்லை என்பதால் நமக்கே தெரிவதில்லை. திரையை உற்றுப் பார்க்கும்போது அந்த எண்ணிக்கை இன்னும் குறையும். இந்த எபிசோடைப் பார்க்கிறவர் தன் இமையை எண்ண ஆரம்பித்துவிடுகிறார். எண்ண ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. 2012, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் ரூம். மூன்று கட்டில், மற்ற இரண்டு பேரும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்து, காதில் இயர்போன் மாட்டி, ராத்திரி பன்னிரண்டரைக்குப் பார்த்து முடித்தேன். பாத்ரூம் வராந்தாவின் கடைசியில். அங்கே இருந்த ட்யூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் போய் வாரக்கணக்கில் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது, அதுவரை நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. அன்றைக்குக் கதவைத் திறந்தேன், அந்த லைட் ஒரு தடவை போய் வந்தது, நான் கதவைச் சாத்திவிட்டேன். விடியும் வரைக்கும் போகவில்லை. எதிர்க் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், கண் எரிந்தது. இருபத்தாறு வயதில் இது எனக்கு நடந்தது. இதை ஞாபகம் வைத்திருக்க வேண்டிய நானே, பத்து வயதுப் பிள்ளைக்கு அதே மாதிரி ஒரு ராத்திரியில் போட்டுக் காட்டினேன்.

நான் நினைத்தது இதுதான். இங்கிலாந்தில் இந்தத் தொடரைச் சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள், பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த கதையைப் பெரியவர்களான பிறகும் சந்தோஷமாகச் சொல்வார்கள். சரி, குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சிதானே, இவளுக்கும் அப்படி ஒரு ஞாபகம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர்கள் பார்த்தது விளக்கு வெளிச்சத்தில், அப்பா அம்மா நடுவில், அடுத்த வாரம் டாக்டர் வந்து காப்பாற்றுவார் என்று பல வாரம் பார்த்துப் பழகிய பிறகு. இவள் பார்த்த முதல் எபிசோடே இதுதான். டாக்டர் யார் என்றே தெரியாது. தொடரின் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு அதிலேயே பயங்கரமானதை முதலில் காட்டியது நான் செய்த முதல் தப்பு.

எங்கள் வீடு திண்டுக்கல்லில். கீழே அக்கா, மச்சான், பிள்ளை, அம்மா. மாடியில் நான். அன்றைக்கு மாடியில் லைட்டை அணைத்துவிட்டு, லேப்டாப்பை டிவியோடு இணைத்து உட்கார்ந்தோம். வசனம் முழுக்க அவளுக்குப் புரியாது என்பதால் நான் பக்கத்தில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சாலியின் தோழி கேத்தியும் அவளோடு மறுநாள் அந்த வீட்டுக்கு வருவாள். வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள், ஒரு ஆள் கடிதத்தோடு நிற்கிறான். இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்கிறான். அந்தப் பாட்டி கேத்திதான். உள்ளே அடுத்த அறையில் நின்றவளைச் சிலை 1920-க்கு, ஹல் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டது. இங்கே ஒரு நிமிடம், அங்கே ஒரு ஆயுசு. இந்த இடத்தில் பிள்ளை என் கையைப் பிடித்தாள். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது, கதைக்குள் வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் பில்லி வருவான். போலீஸ்காரன், சாலியைப் பார்த்ததும் பிடித்துப்போய் நம்பர் கேட்கிறவன். கொஞ்ச நேரத்தில் அவனையும் 1969-க்கு அனுப்பிவிடும். அவள் போன் அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், கட்டிலில் ஒரு கிழவர். காலையில் பார்த்த அதே பையன். வெளியே அவர்கள் சந்தித்தபோது பெய்த அதே மழைதான் இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. அந்த மழை நிற்கும்வரைதான் அவருக்கு உயிர். எத்தனை தடவை பார்த்தாலும் இந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு பேய்க்கதைக்கு நடுவில் இவ்வளவு அன்பை வைக்க முடியும் என்று காட்டியதற்காகவே இந்த எபிசோடைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். அதற்கு 2008-இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள், அது சரியான ஆளுக்குப் போன விருது.

எங்கள் வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்திலும் மழை. பிள்ளை டிவியை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்து, "மழை நின்னுடுச்சா மாமா?" என்றாள். "இல்லடா குட்டி, பெய்யுது" என்றேன். இந்தக் கேள்வியை அன்றைக்கு ராத்திரி அவள் எத்தனை தடவை கேட்டாள் என்று அப்புறம் அக்கா சொன்னாள்.

கடைசிப் பகுதி. சாலியும் கேத்தியின் சகோதரனும் அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள், கதவெல்லாம் பூட்டு, நிலவறையில் டாக்டர் காலத்தில் பயணம் செய்கிற நீலப் பெட்டியும் சுற்றிலும் சிலைகளும். ஒரு சிலை கையை நீட்டி பல்பைக் காட்ட, பல்ப் அணைந்து அணைந்து எரிகிறது. ஒவ்வொரு இருட்டுக்கும் அவை ஒரு அடி பக்கத்தில். பிள்ளை கத்தினாள், நான் இதுவரை கேட்காத கத்தல். அக்கா மாடிப்படி ஏறி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் டிவியை அணைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அக்காமேல் தப்பே இல்லை, அந்தக் கத்தலைக் கேட்டால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் நடந்தது என்னவென்றால், எபிசோடில் தேவதைகள் தோற்பதற்கு இன்னும் ரெண்டே நிமிடம் இருந்தது. பெட்டி மறைந்துவிடும், சுற்றி நின்ற நான்கு சிலைகளும் ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்த்து, எப்போதைக்குமாக உறைந்துபோகும். அதை அவள் பார்க்கவில்லை. அவள் மனசில் அந்த பல்ப் அணைந்து எரிந்துகொண்டே இருந்தது. இதை நான் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

மறுநாள் காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் செய்தது எதுவும் உதவவில்லை. மச்சான் சிரித்தார், "கல்லு எங்கயாவது நடக்குமா, லூசு" என்றார். அவள் அதோடு பயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள், அக்காவும் பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். நான் "சும்மா கதைதானே" என்றேன். அது கதை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பயம். ராத்திரி பூஜை அறை லைட்டை எரியவிட்டோம், அதனால் ஹால் ஷோகேஸில் இருந்த பொம்மைகளின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. இருட்டே பரவாயில்லை என்ற நிலை.

புதன்கிழமை கண் சிவந்துவிட்டது. ஐப்பசி மாதம், பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்கு மெட்ராஸ் ஐ. மிஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா தனித் துண்டு, தனித் தலையணை என்று எல்லாம் பிரித்து வைத்தாள். இரண்டு நாள் லீவு. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொற்று எதுவும் இல்லை, கண் வறண்டு இருக்கிறது, பிள்ளை ரொம்ப நேரம் செல்போன் பார்க்கிறாளா என்று கேட்டார். அவளிடம் செல்போனே கிடையாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பேசிக்கொண்டே முகத்தைக் கவனித்தால், இடது கண்ணை மூடுகிறாள், திறக்கிறாள், அப்புறம் வலது கண்ணை மூடுகிறாள். இரண்டும் சேர்ந்து மூடவில்லை. இடதை மூடும்போது கன்னமும் சேர்ந்து இழுக்கிறது, பழகாத வேலை என்று பார்த்தாலே தெரிகிறது. ஐந்து நாளாக இப்படி. ஸ்கூல் ஆட்டோ தெருக்கோடியில் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போகும், கேட்டுக்குப் பக்கத்துக் கல்லறையில் இறக்கை வைத்த ஒரு வெள்ளைச் சிலை உண்டு. நான் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன், அந்தச் சிலை என் நினைவுக்கே வரவில்லை. அந்த இடம் வரும்போது கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறாள், மழைச் சாரல் அடித்தாலும்.

இங்கே நான் இன்னொரு தப்புச் செய்தேன். நிஜமாகவே அப்படி இருக்குமா என்று கேட்டாள், எனக்குத் தெரிந்த அறிவியலை எடுத்துவிட்டேன். மிஸ்ரா, சுதர்சன் என்று இரண்டு இந்திய இயற்பியலாளர்கள் 1977-இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. மிகச் சிறிய துகள்களை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அவை மாறாமல் நின்றுவிடும் என்று காட்டினார்கள். 1990-இல் அமெரிக்காவில் அயனிகளை வைத்துச் சோதனையும் செய்தார்கள். சுதர்சன் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், எண்பதுகளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து எபிசோடை இன்னும் பிடித்துப்போனது. ஆனால் பிள்ளை காதில் விழுந்தது என்ன? பார்த்தால் நகராது என்பது நிஜம், மாமாவே சொல்லிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல் என்பது கணக்கில்லாத அணுக்கள் சேர்ந்தது, நாம் பார்ப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அப்புறம் சொன்னதெல்லாம் ஏறவே இல்லை. பயந்திருக்கிற பிள்ளைக்கு முதலில் அறிவியல் சொல்லாதீர்கள். பயம் தணிந்த பிறகு அவர்களே கேட்பார்கள், அப்போது சொல்லலாம்.

வேறு வழி தெரியாமல்தான், "சிலை வந்தா என்ன ஆகும்னு பயப்படுற, சொல்லு" என்று கேட்டேன். கடிக்கும், கொல்லும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"பழைய காலத்துக்கு அனுப்பிடும்ல. அப்ப அம்மா பிறந்திருக்கவே மாட்டாங்கள்ல. நான் எங்க போவேன்?"

எனக்குப் பதில் இல்லை. நான் பல்லையும் நகத்தையும் பார்த்திருந்தேன், இவள் கதையின் ஆழத்துக்கே போயிருக்கிறாள். மோஃபட் எழுதி வைத்த உண்மையான பயமே அதுதான். தொலைந்து போவது, நம்மைத் தெரிந்த ஒருத்தரும் இல்லாத காலத்தில் தனியாக நிற்பது. பத்து வயதில் அதை இவள் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். நாங்களோ ஒரு வாரமாகக் கல்லு நடக்குமா நடக்காதா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். எது பயம் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கீழே கூட்டிக்கொண்டு போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கதையை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை.

"உங்கம்மா பிறக்கலைன்னா என்ன தங்கம், நான் பிறந்திருப்பேன்ல. வத்தலக்குண்டுல பஸ்ஸை விட்டு எறங்கி, எங்க அய்யா பேரைச் சொல்லிக் கேளு, யாரும் வீடு காட்டுவாங்க. இன்னார் மகளோட பேத்தின்னு சொல்லு."

"நீங்களும் பிறக்கலைன்னா, அம்மாச்சி?"

"எங்கம்மா இருப்பா. அவ வாசலுக்கு வந்த யாரையும் சோறு போடாம அனுப்பமாட்டா. நீ உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிடும்போது உன் மூக்கைப் பார்ப்பா, இது நம்ம வீட்டு மூக்குன்னு அவளே கண்டுபிடிச்சிருவா."

பிள்ளை மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீட்டு அடையாளம் கேட்டாள், அம்மா சொன்னார்: வாசலில் வேப்பமரம், பக்கத்தில் செக்கு, திண்ணையில் ஒரு பக்கம் உடைந்திருக்கும். ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்று ராத்திரி அம்மாச்சி பக்கத்தில் படுத்து எட்டு மணி நேரம் தூங்கினாள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு.

ஆனாலும் அந்த பல்ப் பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஜன்னல் எல்லாம் திறந்து, அக்காவையும் உட்கார வைத்து, அவளைக் கேட்டுவிட்டு மறுபடி போட்டேன். இந்தத் தடவை முடிவை முதலில் சொன்னேன். நாலு சிலையும் ஒன்றை ஒன்று பார்த்து மாட்டிக்கொள்ளும் என்று. ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டோம், பாதிப் பயம் அதிலேயே போய்விடும், இசையும் திடீர்ச் சத்தமும்தான் நம்மை உலுக்குகிறது. நீங்களே ஒரு தடவை சத்தமில்லாமல் பார்த்தால் தெரியும். நிலவறைக் காட்சி வந்ததும் அவளே நிறுத்தி நிறுத்தி, சிலை எந்த ஷாட்டில் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். அந்தச் சிலைகளாக நின்றவர்கள் நடிகைகள், உடம்பெல்லாம் கல் நிறத்தில் வேஷம் போட்டு அசையாமல் நின்றார்கள் என்று சொன்னேன். "உள்ள ஒரு அக்காவா? மூக்கு அரிச்சா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கு மூச்சு வந்தது.

ஒன்று மட்டும் ஜாக்கிரதையாக இருந்தேன். கதை முடிந்த பிறகு, கடைசியில், ஊரில் நிற்கிற சாதாரணச் சிலைகளையெல்லாம் வரிசையாகக் காட்டி கண் சிமிட்டாதே என்ற டாக்டரின் எச்சரிக்கை மறுபடி வரும். பெரியவர்களுக்கு அது அபாரமான முடிவு. சின்னப் பிள்ளைக்கு அது தெருவையே பயமாக்கிவிடும். சாலி கடையிலிருந்து வெளியே வந்து டாக்டரைப் பார்த்து, நடந்ததையெல்லாம் குறித்து வைத்த காகிதங்களைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு ஸ்டாச்சூ விளையாடினோம். ஒருத்தர் சுவரைப் பார்த்து நிற்க, மற்றவர்கள் பின்னால் பூனை மாதிரி வர வேண்டும், திரும்பிப் பார்த்தால் அசையாமல் நிற்க வேண்டும். இந்த மாதிரி ஒரு விளையாட்டிலிருந்துதான் மோஃபட்டுக்கு அந்தத் தேவதைகளே தோன்றினார்கள். முதலில் சுவர்ப் பக்கம் நிற்க மாட்டேன் என்றாள். சிலையாக வரும் பக்கத்தில் நின்று மூன்று ஆட்டம் ஆடினாள். நாலாவது ஆட்டத்தில், யாரும் சொல்லாமல், தானே போய்ச் சுவரில் முகத்தை வைத்து நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு பத்து வரை எண்ணினாள். நான் எண்ணிக்கையை அவளோடு சேர்ந்து மனசுக்குள் எண்ணினேன்.

மறுநாள் அம்மா ஷோகேஸைத் துடைக்கப் போய்க் கூப்பிட்டார். உள்ளே இருந்த பொம்மையெல்லாம் திருப்பி வைத்திருந்தது. கிருஷ்ணரும் பிள்ளையாரும் முகத்துக்கு முகம். மைசூரில் வாங்கிய மர யானைகள் தும்பிக்கை இடிக்கிற தூரத்தில். சோழிப் பொம்மைகள் இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி மட்டும் தனியாக வெளியே பார்த்தபடி. அதை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "அது நாம பார்க்கும்போதே ஆடுது மாமா, அது நல்லது" என்றாள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒவ்வொரு வருடமும் தன் மாமியார் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைக்கப் போவார். பிள்ளையும் வருகிறேன் என்றாள், அக்கா என்னையும் கூட அனுப்பினாள். சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி, சாமந்தி வாசனை, சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருகிறார். கேட்டுக்குப் பக்கத்துச் சிலைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். கிட்டே போய்ப் பார்த்தால் அது வெறும் சுண்ணாம்பு பூசிய சிமெண்ட், ஒரு இறக்கை நுனி உடைந்து உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. கை இரண்டும் நெஞ்சுக்கு நேரே சேர்ந்திருக்கிறது.

"இது ஏன் டீச்சர் அழுது?"

"அது அழல கண்ணு, அது சம்மனசு, தேவதூதர். செபம் பண்ணுது. உள்ள படுத்திருக்கவங்களுக்காக."

ஒரு மெழுகுவர்த்தி வாங்கி அதன் காலடியில் வைத்தாள். காற்றில் அணைந்தது, மறுபடி பற்ற வைத்தோம். அந்த வெளிச்சம் ஆடும்போது நான்தான் அந்த பல்பை நினைத்தேன். அவள் கல்லில் இருந்த பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் கழித்துப் பார்த்து எண்பத்திரண்டு வயது என்று டீச்சரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் 'டாக்டர் ஹூ' பார்க்கிறோம், வேறு எபிசோடுகள், லேசானவை. ரிமோட் அவளிடம்தான். போடுவதற்கு முன்னால் கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்கிறாள், நானும் சொல்லிவிடுகிறேன், அவளுக்கு அதனால் சுவாரஸ்யம் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. ஷோகேஸ் பொம்மைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை தூசி தட்டிய பிறகு அம்மாவே ஒவ்வொன்றாக எடுத்து, முகத்துக்கு முகம் பார்த்து வைக்கிறார்.